ஜான்சியின் உப்பில்லாக் கஞ்சி

உடம்பு நன்றாக இருக்கட்டும் என்றுதான் எல்லாரும் ஓடுகிறார்களாம். எங்கள் ஜான்சி ஓடியது ஒருத்தன் மூஞ்சியில் கரியைப் பூச. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அவளுக்கும் இல்லை.

என் பெயர் மேரிசெல்வி. நானும் அவளும் மரக்காணம் உப்பளத்தில் ஒரே பாத்தியில் வேலை செய்கிறோம். ஒருநாள் அவள் உப்பை வாரிக் கூட்டினால் நான் கூடையில் சுமந்து கொட்டுவேன், மறுநாள் மாறிக்கொள்வோம். உப்புத் தண்ணீரில் நின்று நின்று எங்கள் காலில் தோல் தடித்து, குதிகால் வெடித்துக் கிடக்கும். அந்தக் காலோடுதான் கோயிலுக்குப் போகிறோம், கல்யாணமும் பண்ணிக்கொள்கிறோம்.

பொம்மையார்பாளையத்திலிருந்து ஆரோக்கிய பிரபு என்று ஒருத்தன் அவளைப் பெண் பார்க்க வந்தான். ஏதோ தனியார் பள்ளிக்கூடத்தில் பி.டி. சார். காபி குடித்தான், மிக்சர் தட்டைக் காலி பண்ணினான், பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். பிறகு வெளியே போய், பைக்கில் சாய்ந்துகொண்டு சிநேகிதனுக்குப் போன் போட்டான்.

"மூஞ்சி ஓகேடா. காலுதான்... மாட்டுக் குளம்பு மாதிரி இருக்குது. நான் ஸ்போர்ட்ஸ்மேன்டா, இத கூட்டிக்கினு நாலு பேர் முன்னாடி எப்டிப் போறது?"

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நானும் ஜான்சியும் நின்றிருந்தோம். கடன்காரப் பாவி, நாலடி தள்ளிப் போயாவது பேசித் தொலைத்திருக்கக் கூடாதா? நான் விளக்குமாற்றைத் தூக்கிவிட்டேன். ஜான்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

"உடுடி. அவன் எதுல பீத்திக்கிறானோ, அதுலயே மண்ணக் கவ்வ வைக்கிறேன்."

அவன் பீத்திக்கொள்வது ஓட்டத்தில். வருஷா வருஷம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடக்கும். ஆண், பெண் எல்லாரும் ஒன்றாகவே ஓடுவார்கள். பேனரில் அவன்தான் இளித்துக்கொண்டு நிற்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜான்சி மாதா சுரூபத்தின் முன்னால் முட்டிபோட்டு நேர்ச்சை வைத்தாள். அவனை முந்தும்வரை உப்புப் போட்ட சாப்பாட்டைத் தொடுவதில்லை என்று! எங்கள் பக்கம் வேண்டுதலுக்குக் கறியை விடுவார்கள், பூ வைப்பதை விடுவார்கள். விடிந்ததிலிருந்து உப்பிலேயே கிடக்கிறவள் உப்பை விட்டாள். பைத்தியக்காரி.

ஆனால் அதுதான் அவளை ஓட வைத்தது. வேலை முடிந்து வந்தால் முதுகு விண்விண்ணென்று தெறிக்கும். "இன்னிக்கி வேணாம்டி மேரி" என்று எத்தனையோ நாள் பாயை விரித்திருக்கிறாள். அவள் அம்மா கஞ்சியை நீட்டுவாள். சப்பென்று ஒரு வாய் உள்ளே போகும், உடனே அவன் பேச்சு காதில் கேட்கும். பாயைச் சுருட்டி எறிந்துவிட்டு உப்பளத்து மண் ரோட்டில் இறங்கிவிடுவாள். ஆரம்பத்தில் தலையில் கூடை இருக்கிற மாதிரியே கழுத்தை ஆட்டாமல், ஒரு கையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். போகப் போக, பார்க்கிறவர்கள் வாயை மூடிக்கொள்கிற மாதிரி ஓட ஆரம்பித்தாள்.

பந்தயத்துக்குக் கொஞ்ச நாளே இருந்தபோது அனுமந்தைவரை போய்த் திரும்பும் வழியில் சுருண்டு விழுந்தாள். கெண்டைக்கால் கல்லாகிவிட்டது, ஒரே வாந்தி. ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விஷயம் தெரிந்ததும் நர்ஸ் வசந்தா கத்திய கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"வேர்வையில போற உப்ப யாரும்மா திருப்பிக் குடுப்பா? இப்டியே ஓடுனா நீ பந்தயத்துக்குப் போவ மாட்ட, கல்லறைக்குத்தான் போவ."

உப்பைத் தின்றால் நேர்ச்சை போச்சு, தின்னாவிட்டால் பந்தயம் போச்சு. திண்டாடிப்போய் எங்கள் பங்குச் சாமியாரிடம் ஓடினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒருத்தன பழிவாங்க மாதாவ கூட்டு சேக்கிறியாம்மா? இதெல்லாம் நேர்ச்சையே இல்ல. போய் நல்லா சாப்புடு."

"அப்போ நான் இத்தினி மாசம் குடிச்ச கஞ்சி?" என்று அவரிடமே எகிறினாள்.

உப்பு நாக்கில் பட்டால் ஆத்திரம் ஆறிவிடுமோ என்பதுதான் அவளுக்குப் பயம். அம்மா கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். ஒரு வாய் வைத்ததும் ஜான்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்ளோ ருசியா இருக்குதுடி" என்றாள். பிறகு தட்டை முறைத்துப் பார்த்தாள். "இந்த ருசியையும் அந்த நாய்தான இத்தினி நாளா புடுங்கி வச்சிருந்தான்!" ஆத்திரம் ஆறவில்லை, இரட்டிப்பாகிவிட்டது.

பந்தயத்தன்று நான் என் வீட்டுக்காரர் மரியதாஸின் பைக்கில் உட்கார்ந்து பின்னாலேயே போனேன். பாதி தூரத்துக்கு மேல், முன்னால் போன அவன் கண்ணில் படவே இல்லை. முடிய இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது பார்த்தால், துரை ரோட்டோரத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு முனகுகிறான். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டதாம்.

"ஜான்சி, போடி! ஜெயிச்சிட்டடி!" என்று கத்தினேன். அவள் நின்றுவிட்டாள். ஐயோ, இரக்கப்படுகிறாளா என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அவன் எதிரே குந்தி, பாதத்தைத் தன் முட்டியில் அழுத்தி, கட்டைவிரலைப் பின்னால் இழுத்து, கெண்டைக்காலை நீவிவிட்டாள். அவன் துடித்தான்.

"தேங்க்ஸ் சிஸ்டர், நீங்க போங்க, என்னால முடியாது."

"முடியாதுன்னா உட்ருவனா? உக்காந்திருக்கறவன தாண்டிப் போறதுக்கா வந்தேன்? எந்திரிடா!"

சட்டையைப் பிடித்துத் தூக்கினாள். அவன் நொண்டினான், அவள் பக்கத்திலேயே விரட்டிக்கொண்டு ஓடினாள். "வேகமா! இன்னும் வேகமா!" நொண்டல் போய் அவன் நன்றாக ஓட ஆரம்பித்ததும் தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்தாள். அப்புறம் விட்டாள் பாருங்கள் ஒரு பாய்ச்சல்! அவன் பல்லைக் கடித்துக்கொண்டு துரத்தினான். எட்டவே முடியவில்லை. நான் பைக்கில் எழுந்து நின்று விசிலடித்தேன், மரியதாஸ் திட்டினார்.

முடிவுக் கோட்டைத் தாண்டி வந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டே அவளிடம் கை நீட்டினான். "சூப்பர் சிஸ்டர். நீங்க எந்த ஊரு?" பெண் பார்த்த மூஞ்சியே அவனுக்கு ஞாபகமில்லை.

ஜான்சி ஷூவைக் கழற்றினாள், சாக்ஸையும் உருவினாள். வெறுங்காலை அவன் முன்னால் வைத்தாள்.

"மரக்காணம். நீ மிக்சர் தின்ன வீடு. மாட்டுக் குளம்பு."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. சுற்றி அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேறு நின்றார்கள். குனிந்துகொண்டு, "மன்னிச்சிடுங்க" என்றான்.

"மன்னிக்கவா இவ்ளோ தூரம் ஓடியாந்தேன்?" என்றாள் ஜான்சி. "அடுத்த வருஷமும் வா. ஒழுங்கா பிராக்டிஸ் பண்ணிட்டு வா."