துரை சிரிக்கக் கூடாது

அக்கா நாலு வாரம் லீவு போட்டுக்கொண்டு வந்தது படம் எடுக்கத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்தப் பாவமும் என் தலையில் விழும். தங்கையைப் பார்க்கப் போகிறேன், தங்கை பெற்ற குழந்தையைப் பார்க்கப் போகிறேன் என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள். நான் இருக்கிற வெளிநாட்டில் இறங்கி வெளியே வந்தபோது பெட்டிகள் தள்ளுவண்டியில் கிடந்தன, கேமராப் பை மட்டும் அவள் நெஞ்சோடு இருந்தது. நான் ஆசையாக என் நாலு மாதப் பிள்ளையை நீட்டினேன். "இருடி, இதை எங்கே வைக்கறதுன்னு முதல்ல சொல்லு," என்றாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. பத்தொன்பது வருஷமாக "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் அதற்கே பழகிவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் தன் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் ஒரு கேமரா வாங்கினாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஆள் வீட்டில் கிடையாது. ஏரிக்கரை, பாலத்தடி, புதர் என்று எங்கேயாவது ஒரு பறவைக்காகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பாள். அவள் எடுத்த கொக்கு ஒன்று ஆஸ்பத்திரிக் காலண்டரில் ஜூன் மாதத்துக்கு வந்தது. அம்மா வீட்டுக் கூடத்தில் அந்த ஜூன் இன்னும் முடியவில்லை.

பறவையை எடுப்பாள், சும்மா சொல்லக் கூடாது, அருமையாக எடுப்பாள். மனுஷரை நிற்க வைத்தால்தான் வம்பு. கேமராவைக் கண்ணில் வைத்ததும் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிடும், "மூச்சைப் பிடிங்க" என்பாள். என் கல்யாணத்தில் அவள் எடுத்த குடும்பப் படத்தில் இருபத்தேழு பேர் கன்னம் உப்பிப் போய் நிற்கிறோம். என் மாமனார் முகம் சிவந்தே விட்டது.

இந்தத் தடவை அவளுக்குக் கடல்மேல் கண். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கே ஒரு பாறைத் திட்டில் இந்த மாதத்தில் மட்டும் பறவைகள் வந்து இறங்கும், மூன்றே வாரம்தான், அப்புறம் பறந்துவிடும் என்று எங்கேயோ படித்திருக்கிறாள். வந்த அன்றே பஸ் நேரமெல்லாம் எழுதி என் பிரிட்ஜில் ஒட்டிவிட்டாள்.

எனக்கு வேறு கவலை. என் வீட்டுக்காரருக்குத் தூரத்துச் சுரங்கத்தில் வேலை. ஐந்து வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே; அக்கா வருவதற்கு முந்தின நாள்தான் கிளம்பிப் போயிருந்தார். மற்ற நாளெல்லாம் நானும் பிள்ளையும்தான். எதிர்வீட்டு அம்மாள் தினமும் கையாட்டுவாள், நானும் ஆட்டுவேன், பேச்சுவார்த்தை அத்தோடு முடிந்தது. அம்மாவால் மூட்டுவலியோடு அத்தனை மணி நேரம் விமானத்தில் உட்கார முடியாது. அதனால் அக்கா திரும்பும்போது நானும் கூடவே போய் அம்மா வீட்டில் இரண்டு மாதம் இருப்பது என்று ஏற்பாடு. ஒரே விமானம், பக்கத்துப் பக்கத்து சீட். பிள்ளைக்கு பாஸ்போர்ட் மட்டும்தான் பாக்கி.

அந்த பாஸ்போர்ட்டுக்கு ஒரு படம் வேண்டும். நேராகப் பார்க்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது, முகத்தில் நிழல் விழக் கூடாது, வேறு யாருடைய விரல் நுனியும் தெரியக் கூடாது. நாலு மாதக் குழந்தைக்கு! எனக்கே இதெல்லாம் ஒரே நேரத்தில் வராது. எங்கள் பிள்ளையை வீட்டில் துரை என்றுதான் கூப்பிடுவோம். பெயர் ஒன்று இருக்கிறது, அது விண்ணப்பப் பாரத்தில் எழுதுவதற்கு. ஸ்டூடியோவில் எடுத்த முதல் படத்தில் துரையின் கழுத்துக்குப் பின்னால் என் கட்டைவிரல் தெரிந்தது, திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதில் துரை வாயைப் பிளந்திருந்தார். அதுவும் அக்கா வந்து இறங்கிய மறுநாள் திரும்பி வந்தது.

"இதுக்குப் போயா மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு இருக்கே?" என்றாள் அக்கா. "நான் எடுக்கறேன்டி. சும்மா ஸ்டூடியோக்காரன்கிட்டெல்லாம் போய் நிப்பாங்களா?"

துரையை ஜன்னலோரம் மெத்தையில் படுக்க வைத்தாள். திரைச்சீலையை ஒரு சாண் விலக்கினாள், அப்புறம் அரைச் சாண் மூடினாள். எடுத்த படத்தைப் பார்த்து நான் அசந்து போய்விட்டேன். ஒரு கன்னத்தில் வெயில், மறு கன்னத்தில் மெல்லிசாக நிழல், உதட்டோரத்தில் இதோ வந்துவிடும் என்பதுபோல ஒரு சிரிப்பு. பெற்றவள் நான், எனக்கே அவன் இவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை மூன்று பேரும் பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் படத்தை எடுத்துப் பார்த்தாள், பக்கத்துக் கவுண்டர்காரிக்குக் காட்டினாள், இரண்டு பேரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ரசித்தார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் அந்தப் பெண், "ரொம்ப அழகா இருக்கு. இதை நாங்க வாங்கிக்க முடியாது," என்றாள்.

"ஏன்?"

"பாதி முகம் நிழல். அப்புறம் சிரிக்கறான்."

"எங்கே சிரிக்கறான்? இன்னும் சிரிக்கவே ஆரம்பிக்கலையே!" அக்கா தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் அந்தக் கவுண்டரில் இறக்கிவிட்டாள். ஒரு பருப்பும் வேகவில்லை. அந்தப் பெண் மேஜையிலிருந்து ஒரு மாதிரிப் படத்தை எடுத்துக் காட்டினாள். துடைத்துவிட்டதுபோல ஒரு முகம், சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. "இப்படி வேணும். திங்கட்கிழமைக்குள்ள கொடுத்தாத்தான் நீங்க கிளம்பற தேதிக்கு வரும். அதுக்கப்புறம்னா என்னால சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது பஸ் முழுக்க அக்கா அவளைத் திட்டிக்கொண்டே வந்தாள். ரசனை கெட்ட ஜென்மம், நிழல் இல்லாமல் மூக்கு எப்படித் தெரியும், சப்பட்டையாக ஒரு படம் வேண்டுமாம் இவளுக்கு! வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதும் அதே பேச்சு. "விடு, நாளைக்கு மறுபடி எடுத்துப் பாக்கலாம். வரலேன்னா என்ன, நீ அடுத்த மாசம் வந்துக்கோ," என்றாள், கையில் பஸ் நேரச் சீட்டை வைத்துக்கொண்டு.

நான் சமையலறையில் பால் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். பாட்டிலைத் தொட்டியில் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"உனக்கு என்ன, நீ போயிடுவே. நான் இன்னொரு மாசம் இந்தச் சுவரோட பேசிட்டு இருக்கணும். அக்கா, நான் கடைசியா எப்போ ராத்திரி பூரா தூங்கினேன்னு எனக்கு ஞாபகமே இல்ல. அவன் அழும்போது சில நேரம் நான் குளியலறைக் கதவைச் சாத்திட்டு உள்ள நின்னுட்டு இருக்கேன். எனக்கே என்னைப் பாத்தா பயமா இருக்கு. எனக்கு அம்மா வேணும்." முப்பத்தோரு வயசில் இப்படிக் கேட்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

வாய் ஓயாத என் அக்கா பாட்டிலை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்தாள். பிரிட்ஜில் சீட்டை மறுபடி ஒட்டினாள். அப்புறம் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தலைமுடியைத் தூக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் வேலைக்கு நிற்கும்போது அப்படித்தான் கட்டுவாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தோம். கூடத்துத் தரையில் வெள்ளைப் போர்வை, சுருக்கம் இல்லாமல் நாலு முனையிலும் புத்தகம் வைத்து இழுத்தாயிற்று. நிழல் விழாமல் இருக்க எல்லாத் திரைச்சீலையும் கழற்றியாயிற்று. துரை போர்வையில். அக்கா நேர் மேலே, ஒரு முக்காலியில் நின்றுகொண்டு. நான் கிலுகிலுப்பையோடு கீழே.

அக்கா முகம் தெரிந்தால் துரை சிரித்தார். கேமராவால் முகத்தை மறைத்தால் வீறிட்டார். பால் கொடுத்தால் தூங்கினார். எழுப்பினால் நாக்கை நீட்டினார். நானும் முறைத்துப் பார்த்தேன், அதற்கும் கெக்கேபிக்கே என்று சிரிப்பு. பெற்றவள் முறைக்கிறாள், பயம் வேண்டாமா?

"ஆஸ்பத்திரியில எத்தனை குழந்தையை எடுக்கறே, இவன்கிட்ட உன் பாச்சா பலிக்கலையே?" என்றேன்.

"எக்ஸ்ரேல வாயைத் திறந்தா எனக்கென்ன, மூடினா எனக்கென்ன? எலும்பு சிரிக்காதுடி!" என்று முக்காலியில் நின்றபடி கத்தினாள்.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் நூற்று நாற்பது படம். அத்தனையிலும் ஏதாவது ஒன்று கெட்டிருந்தது. அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பெட்டியிலிருந்து துரையின் துணியை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினேன். அக்கா பார்த்தாள், எடுத்ததைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை இருக்கும். பால் குடித்துவிட்டுப் படுத்திருந்தார் துரை. அக்கா முக்காலியில் உட்கார்ந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலை உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று அடங்கினான். கை இரண்டும் முஷ்டி. கண் நேராக மேலே நிலைத்தது. உதடு இறுக மூடிக்கொண்டது. நாலு மாதமாக ஒரு நாளைக்கு மூன்று தடவை நான் பார்க்கிற மூஞ்சி அது. தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது, இது எப்படி இத்தனை நேரம் தோன்றாமல் போயிற்று!

"அக்கா! இப்ப! எடு, எடு!"

"என்னடி?"

"முக்கறான்!"

அக்கா இடுப்புவலியை மறந்து முக்காலிமேல் ஏறினாள். "சீக்கிரம், சிவக்கறதுக்கு முன்னாடி எடுத்துடு," என்றேன். "வாயை மூடு," என்றாள். மூன்று தடவை கேமராச் சத்தம் கேட்டது. நாலாவதற்குள் துரையின் காரியம் முடிந்து முகமெல்லாம் ஒரே புன்னகை.

துணி மாற்றக்கூட விடவில்லை, அங்கேயே படத்தைப் பார்த்தோம். நேர்ப்பார்வை. மூடிய வாய். நிழல் இல்லை, விரல் இல்லை. ஏதோ பெரிய வழக்குக்குத் தீர்ப்பு எழுதப் போகிறவர்போல அப்படி ஒரு கம்பீரம். நாங்கள் இரண்டு பேரும் போர்வையில் விழுந்து புரண்டு சிரித்தோம், நாற்றத்தைப் பொருட்படுத்தாமல்.

திங்கட்கிழமை அதே கவுண்டர், அதே பெண். படத்தை வாங்கிப் பார்த்தாள், துரையைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "ரொம்பச் சரியா இருக்கு. எப்படி இவ்வளவு பொறுப்பா முகத்தை வெச்சிருக்கான்?"

"அப்போ வேலையா இருந்தார்," என்றாள் அக்கா. அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததோ இல்லையோ, முத்திரையைக் குத்திவிட்டாள்.

"சரி, இனிமே நீ கடலுக்குப் போ," என்றேன் வீட்டுக்கு வந்ததும். "நாளைக்கு," என்றாள். மறுநாள் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் சரியில்லடி," என்றாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது! அதற்கடுத்த நாள் காற்று சரியில்லை. அதற்கடுத்த நாள் இடுப்பு. ஒவ்வொரு நாளும் துரையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, என் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போவாள். நான் தூங்குவேன். பகல் பன்னிரண்டு வரைக்கும், சில நாள் இரண்டு மணி வரைக்கும் தூங்குவேன். எழுந்து வந்தால் சாப்பாடு மேஜையில் இருக்கும், துணி காய்ந்து மடித்திருக்கும், அக்கா வாசல் கதவருகில் உட்கார்ந்து எதிர்வீட்டுப் பூனையைப் படம் எடுத்துக்கொண்டிருப்பாள். வெளிச்சம் சரியில்லை என்பதை நான் நம்பினேன். தூக்கம் கண்ணைச் சுற்றும்போது மனுஷி எதை வேண்டுமானாலும் நம்புவாள். பறவைகளின் மூன்று வாரமும் அப்படியே கழிந்தது.

பாஸ்போர்ட் வியாழக்கிழமை தபாலில் வந்தது, சனிக்கிழமை எங்கள் விமானம். சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஊரில் இறங்கி வெளியே வந்தோம். அம்மா கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அத்தனை நாளும் போனில் மட்டும் பார்த்த பேரன், முதலில் அவனைத்தான் வாரி எடுப்பாள் என்று அக்கா அவனை முன்னால் நீட்டியபடி நடந்தாள். அம்மா அவனைத் தாண்டி வந்தாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி இது? கண்ணெல்லாம் உள்ளே போயிருக்கு. பாதியாயிட்டியேடி." அப்புறம் அக்காவிடம் திரும்பினாள். "நாலு வாரம் கூட இருந்தியே, இவளை ஒரு கண் பாத்துக்கத் துப்பில்லையா உனக்கு? கேமராவைத் தூக்கிட்டு கடல் கடல்னு சுத்தப் போயிட்டே, அதானே?"

அக்கா நினைத்திருந்தால் எல்லாவற்றையும் அங்கேயே கொட்டியிருக்கலாம். சமையலறைத் தரை, குளியலறைக் கதவு, பகலெல்லாம் நான் தூங்கியது, எல்லாவற்றையும். அம்மா அதைக் கேட்டால் அன்றிலிருந்து தூங்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். துரையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"ஆமாம்மா. அங்கே போனா நேரம் போறதே தெரியல," என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. அத்தனை பேர் போய்வரும் வழியில் நின்றுகொண்டு ஓவென்று அழுதேன். அம்மா பதறிப் போய் என்னைக் கட்டிக்கொண்டாள். "அவ கடலைப் பாக்கவே இல்லம்மா," என்றேன் விக்கலுக்கு நடுவே.

"அதுக்காடி இந்த அழுகை?" என்றாள் அம்மா.