கார் சாப்பிடும் நாள்

எங்கள் பாடசாலைச் சுற்றாடல் கழகப் பிள்ளைகள் கண்காட்சிக்கு ஒரு தலைப்புத் தேடிக்கொண்டிருந்தபோது என் கார்தான் அவர்கள் கண்ணில் பட்டது. ‘எங்கள் டீச்சரின் மின்சாரக் கார் உண்மையிலேயே சுற்றாடலுக்கு நல்லதா?’ என்று கரும்பலகையில் எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டார்கள். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தக் கார் எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், நாங்கள் பிறந்து வளர்ந்த லயத்து வரிசை வீட்டிலேயே என் அக்கா தனியாக இருந்தார். தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மாவாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, கிழமைக்கு இரண்டு தடவை கண்டி ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். மற்ற நாட்களில் கண்டியில் என்னோடு, சனி ஞாயிறு தன் வீட்டில் என்றால்தான் சம்மதம் என்றார் அக்கா. “என் வீட்ல ரெண்டு நாள் படுத்து எந்திரிச்சாத்தான் மத்த நாளு ஊசிக்குக் கைய நீட்டுவேன்,” என்று டொக்டருக்கு முன்னாலேயே சொன்னார். அது மிரட்டல் இல்லை. அக்காவுக்கு மிரட்டத் தெரியாது.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் கிடந்த காலத்தில் ஒரு தடவை வாகனம் கிடைக்காமல் அக்கா முகமெல்லாம் வீங்கிப் போனார். அந்தப் பயத்தில்தான் ஜப்பானில் ஓடிக் களைத்த சின்ன மின்சாரக் கார் ஒன்றை வாங்கினோம். பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கும். ஆனாலும் அக்காவைக் கொண்டுபோய் வீட்டில் விட அது போதும் என்று நினைத்தேன்.

கண்காட்சிக்கு இரண்டு பக்கம் எழுதினால் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகள் விடவில்லை. பெட்டரிக்கு எந்த நாட்டு மண்ணைத் தோண்டினார்கள், கரண்ட் எங்கிருந்து வருகிறது, பெட்டரி செத்தால் எங்கே போடுவது என்று துளைத்து எடுத்தார்கள். மழைக்காலத்தில் கரண்ட் நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. காய்ந்த மாதங்களில் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துத்தான் வருகிறது. ஆகவே என் கார் ஆடியில் நல்லவன், மாசியில் அயோக்கியன் என்றேன். வகுப்பே சிரித்தது. பழைய காரை வாங்கியதால் மண்ணைத் தோண்டிய பாவம் நம் தலையில் இல்லை என்று ஒருத்தி வாதாடினாள். பாவத்தை செக்கன்ட் ஹேண்டில் வாங்கினாலும் பாவம்தான் என்றாள் இன்னொருத்தி. நான் ஒரு சின்ன மீட்டரை வாங்கி, கார் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்துகொண்டு வந்தேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கார் தப்பிவிடும் போலத்தான் இருந்தது.

நான்தான் தப்ப வழியில்லாமல் இருந்தேன். வாங்கிய புதிதில் மடுல்கெல்லைக்கு ஏறிப்போய்த் திரும்பி வந்தாலும் பெட்டரியில் மிச்சம் இருக்கும். அதற்கு வயது போகப் போக, பன்வில தாண்டும்போதே திரையில் சார்ஜைக் காட்டும் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஏசி போடக் கூடாது. மழையில் கண்ணாடியை இறக்கவும் முடியாது. ஏற்றினால் எங்கள் மூச்சே படிந்து ரோடு தெரியாது. அக்கா ஒரு துணியை வைத்து முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வருவார். மண் சரிந்துவிட்டது, சுற்றிப் போங்கள் என்று பொலிஸ்காரர் கை காட்டிவிடுவாரோ என்று ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்ப்பேன். சுற்றிப் போக என்னிடம் கரண்ட் கிடையாது.

இறக்கத்தில் கொஞ்சம் கரண்ட் திரும்பி வரும் என்பது உண்மை. அதை நம்பி வெறும் பெட்டரியோடு கண்டிக்குக் கிளம்ப முடியாது. விற்கலாம் என்றால் அந்தப் பெட்டரியைப் பார்த்துவிட்டு யாரும் திரும்பி வரவில்லை. புதுப் பெட்டரியின் விலையைக் கேட்டதும் என் கணவர் போனை வைத்துவிட்டார். பஸ்ஸில் போனால் வளைவுகளில் அக்கா வாந்தியெடுத்துச் சுருண்டுவிடுகிறார். “நீ கார் வாங்கல்ல, காருக்கு வாக்கப்பட்டிருக்க,” என்றார் கணவர். அவர் பகிடிக்குத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆக, போன இடத்தில் சார்ஜ் போடத்தான் வேண்டும். அந்த லயத்துக்கு இன்னும் ஒரே ஒரு பழைய வயர்தான். எல்லா வீட்டுக்கும் அதிலிருந்துதான் கரண்ட் பிரிகிறது. இரண்டு வீட்டில் ஒரே நேரத்தில் அயன் போட்டால் கோடி வீட்டுச் சுவரிலுள்ள சுவிட்ச் விழுந்து லயமே இருண்டுவிடும். அதனால் அங்கே ஒரு பழக்கம் உண்டு. அயனோ ரைஸ் குக்கரோ போடுகிறவர் வாசலுக்கு வந்து “போடுறேன்” என்று குரல் கொடுப்பார். யாராவது “இரு” என்றால் பொறுக்க வேண்டும். சத்தம் இல்லையென்றால் போடலாம்.

முதல் சனிக்கிழமை நானும் வாசலில் நின்று “கார் போடுறேன்” என்று கத்தினேன். ஆளாளுக்கு எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். யாரும் “இரு” என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த எந்தச் சனிக்கிழமையும் சொல்லவில்லை. பகலில் போட்டால் ஞாயிறு காலைப் பூசை முடிந்து வரும்வரை கார் குடித்துக்கொண்டே இருக்கும். கரண்ட் காசை ஒழுங்காகக் கொடுத்துவிடுவேன். சுவிட்ச் ஒரு தடவைகூட விழவில்லை. பழைய வயரிலும் பிரச்சினையின்றிச் சார்ஜ் ஆகிறது என்று பிள்ளைகளின் ஆய்விலே பெருமையாகச் சேர்க்கவும் சொன்னேன்.

அப்படியான ஒரு சனிக்கிழமை நல்ல மழை. காரிலிருந்து வீட்டுக்குள் இழுத்திருந்த வயர் நனையாமல் பொலித்தீன் சுற்றலாம் என்று லயத்தின் பின்பக்கம் போனேன். எல்லா வீட்டுக் கூரையிலும் புகை எழும்பிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி தாழ்வாரத்தில் குந்தி, வாயில் துவாயைப் பொத்திக்கொண்டு ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். கொழுந்து பறிக்கிறவள், என்னைவிட இளையவள், இழுப்புக்காரி. அவளுடைய ரைஸ் குக்கர் உள்ளே அலுமாரிக்கு மேல் துணி போர்த்தி இருந்தது.

“குக்கர் பழுதா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க டீச்சர். இன்னைக்கு சனிக்கிழமைதானே.”

“சனிக்கிழமைன்னா என்ன?”

“ஒங்க கார் சாப்பிடுற நாளு,” என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சு வந்த பிறகு சாதாரணமாகச் சொன்னாள். நான் சார்ஜ் போட்டதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கழற்றும்வரை அந்த லயத்தில் ஒருவரும் குக்கர் போடுவதில்லை, அயன் போடுவதில்லை. பிரிட்ஜ் உள்ள வீடுகளில் அதையும் பிடுங்கி வைத்துவிடுகிறார்கள். எல்லா வீட்டிலும் விறகடுப்புத்தான்.

“யாரு சொன்னா இப்படிச் செய்யச் சொல்லி?”

“யாரும் சொல்லலீங்க. நீங்க போடுறேன்னு கேட்டீங்க. அக்காவ ஏத்திட்டு வர்ற வண்டிக்கு இருன்னு யாருங்க சொல்லுவா?”

எனக்கு அவர்கள் மேல் நன்றி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. ஒரு வாய் “இரு” என்று சொல்லியிருந்தால் நான் பொறுத்திருக்க மாட்டேனா? அந்த லயத்திலேயே பிறந்தவளை விருந்தாளி ஆக்கிவிட்டார்களே என்று உடம்பெல்லாம் எரிந்தது. நிலக்கரியை எண்ணினேன், எண்ணெயை எண்ணினேன், எங்கேயோ தோண்டிய மண்ணைக்கூட விடாமல் எண்ணினேன். சுவருக்கு அந்தப் பக்கத்துப் புகை என் கணக்கில் இல்லை.

உள்ளே போய் அக்காவிடம், “ஒங்களுக்கு இது தெரியுமா?” என்றேன்.

“தெரியும்.”

“ஏன் சொல்லல்ல?”

“சொன்னா நீ வயர புடுங்குவ. அப்புறம் நான் எப்படி வீட்டுக்கு வர்றது?” என்றார் அக்கா. அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. இத்தனை காலம் ஊரான் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர், ஒரே ஒரு காரியத்தில் தன்னைப் பற்றி மட்டும் நினைத்திருக்கிறார். அதையும் நான்தான் பிடித்துக் கேட்கிறேன்.

பிளக்கைப் பிடுங்கிவிடலாம் என்று கையை வைத்தேன். காரில் பாதிகூட ஏறியிருக்கவில்லை. பிடுங்கினால் கண்டிக்கு இறங்க முடியாது. இறங்காவிட்டால் ஆஸ்பத்திரி தவறிப் போகும். தோட்ட நிர்வாகத்தின் கந்தோரில் ஒரு பிளக் கேட்டுப் பார்த்தேன். துரையிடம் கேட்க வேண்டும், துரை லீவு என்றார்கள். கோயிலில் போடலாமா என்று போய்ப் பார்த்தால், அங்கேயும் வருவது எங்கள் லயத்து வயர்தான். திரும்பி வந்து பிளக்கை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். மீட்டரில் எண் ஏறிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமிக்கொண்டிருந்தாள். அன்று அக்காவின் அறைக்குள் எனக்கு மூச்சு முட்டிய மாதிரி எந்தப் பாதையிலும் முட்டியதில்லை.

மறுநாள் இறங்கி வரும்போது வத்தேகம தாண்டும்வரை அக்கா முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். பிறகு, “அடுத்த கெழமை வேணாம் புள்ள,” என்றார்.

“என்ன வேணாம்?”

“மேல போறது. சாவிய அவகிட்ட குடுத்துட்டேன். அவளுக்கு இழுப்பு.”

“அப்ப வீடு?”

“வீடு எங்க ஓடிரப் போவுது?”

நான் மறுத்திருக்க வேண்டும். வேறு வழி பார்ப்போம் என்றாவது ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது நிம்மதி. இனி அந்த ஏற்றம் இல்லை, அணையும் கோடுகள் இல்லை, சனிக்கிழமை எனக்கே எனக்கு என்று மனம் அந்த நேரத்திலேயே கணக்குப் போட்டது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பார்வையை ரோட்டிலிருந்து எடுக்காமல் ஓட்டினேன். அக்காவின் முகத்தைப் பார்த்தால் என் முகத்தை அவர் பார்த்துவிடுவார் என்று பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அக்கா மாட்டேன் என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். தாதி வந்ததும் அவர் தானாகவே கையை நீட்டினார்.

பாடசாலையில் பிள்ளைகளிடம் விறகடுப்பைப் பற்றியும், இனி மேலே போவதில்லை என்பதையும் சொன்னேன். அந்தப் புகையைக் காரின் கணக்கில் சேர்ப்பதா, லயத்தின் கணக்கில் சேர்ப்பதா என்று சண்டை பிடித்தார்கள்.

“சேர்த்தா கார் தோத்துரும் டீச்சர்.”

“தோக்கட்டும்,” என்றேன்.

மூலையில் இருந்த ஒருத்தி கையை உயர்த்தினாள். “இனி மேல போகமாட்டீங்கன்னு சொன்னீங்களே டீச்சர். அப்ப விறகும் இல்ல, ஏத்தமும் இல்ல. கார் திரும்ப வென்றுரும்தானே?”

கணக்குப்படி அவள் சொன்னது சரி. வீட்டுக்கும் பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் ஓடினால் அந்தக் கார் சுற்றாடலுக்கு நல்லதுதான். எத்தனை தரம் கூட்டினாலும் விடை மாறவில்லை. பிள்ளைகள் அதைப் பச்சை மையில் பெரிதாக எழுதி, சுற்றிலும் இலைகள் வரைந்தார்கள். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை நான் நேரம் சென்றுதான் எழும்பினேன். கார் முழுச் சார்ஜோடு வாசலில் நின்றது. முன்னறையில் அடுத்த வீட்டுச் சுவரைத் தவிர வேறொன்றும் தெரியாத ஜன்னல் ஓரத்தில் அக்கா கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். குளித்து, தலை வாரி, வெளியே போகும் சேலையைக் கட்டியிருந்தார்.

“எங்க அக்கா கெளம்பிட்டீங்க?”

“எங்கயும் இல்ல,” என்றார். “சனிக்கிழமையில்ல, அதான் கட்டினேன். நீ போய் டீயக் குடி.”