தனபால் குரலுக்கு மூச்சு வாங்கியது

செத்துப்போன நண்பனின் குரலைப் பட்டப்பகலில் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன். போன வாரம், குத்தாலம் பக்கத்தில் ஒரு வரப்பின் மேல் நின்றுகொண்டு. 'உடம்பெல்லாம் சிலிர்த்தது' என்று எழுதினால், 'இந்த ஆளுக்கு எதற்கெடுத்தாலும் சிலிர்க்கும்' என்பீர்கள். சரி, சிலிர்க்கவில்லை. வரப்பிலிருந்து வழுக்கிச் சேற்றில் விழப் பார்த்தேன். போதுமா?

தனபால் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் வாத்தியார். ரிட்டயர் ஆனதும் ஊரோடு வந்து விவசாயத்தில் இறங்கினான். அவர்கள் வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் பாயும். இன்றைக்கு ஒருவர் வயலுக்கு, நாளைக்கு இன்னொருவர் வயலுக்கு. தண்ணீர் எப்போது வரும் என்று காத்துக் கிடப்பதே பாதி வேலை. இவன் சும்மா இருப்பானா?

வாய்க்காலில் ஒரு சென்சார், மோட்டார் கொட்டகை மேல் ஒரு ஸ்பீக்கர், வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர். தன் குரலையே அதற்குப் பழக்கிவிட்டான். சென்சாரில் தண்ணீர் பட்டதும், அன்றைக்கு யார் முறையோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் — "தண்ணி வந்துருச்சு, மடையத் திறங்க!" பதிவு செய்து வைத்த பேச்சு இல்லை. எந்தப் பெயரை அடித்துக் கொடுத்தாலும் அவன் குரலில் அதுவாகவே பேசும்.

போன வருஷம் நுரையீரல் நோயில் தனபால் போய்ச் சேர்ந்துவிட்டான். குரல் மட்டும் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தது...

அவன் போன பிறகு பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்தவர் செந்தில். அவர் சொன்னதைக் கேளுங்கள். "அவரு மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல சார். என் பேரச் சொல்லிக் கூப்புடுறாரு. நானும் 'தோ வந்துட்டேங்க'ன்னு ஓடுறேன்."

நான் ஏன் அங்கே போனேன்? தனபாலின் மனைவி மல்லிகா போன் செய்திருந்தார். "அண்ணே, அவருக்கு மூச்சு வாங்குதுண்ணே. யாழினிகிட்ட சொல்லி அத நிறுத்தச் சொல்லுங்க. என்னால கேக்க முடியல."

யாழினி அவர்கள் மகள். சாஃப்ட்வேர் வேலை, வீட்டிலிருந்தபடியே. பழைய கம்ப்யூட்டர் எந்த நேரமும் படுத்துவிடும் போலிருக்கிறதே என்று, அதில் இருந்ததை அப்படியே எடுத்து ஒரு புதுக் கம்ப்யூட்டருக்குள் குடிவைத்திருந்தாள். கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர் — விர்ச்சுவல் மெஷின் என்கிறார்கள். அன்றிலிருந்துதான் இந்த வினை.

நான் வரப்பில் நிற்கும்போதே தண்ணீர் வந்தது. "செந்...தில்... தண்ணி... வந்...துரு...ச்சு..." வார்த்தைக்கு வார்த்தை ஒரு இடைவெளி. கடைசி மாதங்களில், மூக்கில் குழாயோடு தனபால் இப்படித்தான் பேசினான். மண்வெட்டியோடு இருந்த செந்தில் ஓடவில்லை. அப்படியே நின்றுவிட்டார்.

வயலை ஒட்டிய வீட்டில் மல்லிகா இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார். "ஒரு தடவ பாத்தது போதாதா எனக்கு? இன்னிக்கே ஆஃப் பண்ணு" என்று மகளிடம் கத்திவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

யாழினிக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஆஃப் பண்ணிட்டா அப்பா மொத்தமா போயிடுவாரு மாமா. கொஞ்ச நேரம் குடுங்க, ப்ளீஸ்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு என்றேன்.

"உள்ள இருக்குற மெஷின் ஆன் ஆனதும் ப்ராசஸரப் பாத்து, 'எனக்கு என்னென்ன செய்ய வரும்?'னு கேக்கும் மாமா. ஆனா ப்ராசஸர் பதில் சொல்லாது. நடுவுல ஹைப்பர்வைசர்னு ஒண்ணு உக்காந்திருக்கு. அதுதான் சொல்லும்."

"பொய் சொல்லுமா?"

"ப்ராசஸர்ல நெஜமா என்ன இருக்குன்னு ஹைப்பர்வைசருக்குத் தெரியும். 'இவ்வளவும் தரலாம்'னு அது சொல்லும். அதுல எதக் காட்டணும், எத மறைக்கணும்னு முடிவு பண்றது நாம ஓட்டுற சாஃப்ட்வேர். நாம மறைச்சுட்டா, உள்ள இருக்குறதுக்கு அது இல்லவே இல்ல."

"உள்ள இருக்குறதுக்குச் சந்தேகமே வராதா?"

"எப்படி வரும்? அது கேக்குறதே ஹைப்பர்வைசர்கிட்டதானே!"

நல்ல வெயில் நேரம்தான். ஆனாலும் தோளில் கிடந்த துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

யாழினி கொஞ்சம் ஜாக்கிரதைப் பேர்வழி. நாளைக்கு எந்தக் கம்ப்யூட்டருக்கு மாற்றினாலும் தகராறு செய்யக்கூடாது என்று, குறைந்தபட்சத் திறமைகளை மட்டும் காட்டும்படி வைத்திருக்கிறாள். பல கணக்குகளை ஒரே அடியில் போடும் திறமை அதில் மறைந்துபோனது. குரல் தயாரிக்கும் புரோகிராமுக்கு அதுதான் உயிர். அது ஒரு தடவை கேட்டது, 'உனக்கு வராது' என்றார்கள், நம்பிவிட்டது. ஒவ்வொரு கணக்காகப் போட ஆரம்பித்தது. பேச்சுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திக்கியது.

மறைத்ததைக் காட்டும்படி மாற்றினாள். உள்ளே இருந்ததை அணைத்து மறுபடி எழுப்பினாள். செந்திலுக்குப் போன் போட்டு, சென்சாரை வெளியே எடுத்து, மறுபடி தண்ணீரில் முக்கச் சொன்னாள்.

"செந்தில்! தண்ணி வந்துருச்சு, மடையத் திறங்க!"

அட... கிளாஸ் ரூமில் கடைசி பெஞ்சை எழுப்புகிற அதே தனபால்! ஜன்னல் வழியே பார்த்தேன். சென்சாரை முக்கியதே செந்தில்தான். அவரே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மடைக்கு ஓடுகிறார்.

மல்லிகா கரண்டியோடு வெளியே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "என்னடி பண்ண?"

"ஒண்ணும் இல்லம்மா. அப்பாவால முடியுறத, முடியாதுன்னு நானா சொல்லி வச்சிருந்தேன். எடுத்துட்டேன்."

மல்லிகா அப்படியே தரையில் உட்கார்ந்தார். கரண்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"டாக்டர் தெனம் வாய்க்கா வரைக்கும் நடக்கலாம்னுதாண்ணே சொன்னாரு. எங்களுக்குப் பயம். கட்டில விட்டு எறங்கவே கூடாதாம், டாக்டர் சொல்லிட்டாருன்னு அவருகிட்ட சொன்னோம். 'அப்படியா சொன்னாரு?'ன்னு ஒரே ஒரு தடவ கேட்டாரு. ஆமான்னேன். அப்புறம் அவரு எறங்கவே இல்ல."

யாழினி அம்மா மடியிலிருந்த கரண்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். நான் என்னத்தைச் சொல்ல? நல்லதுக்குத்தானே சொன்னீர்கள் என்றா?

"அத நிறுத்தாத" என்றார் மல்லிகா, மகளைப் பார்க்காமல். "நல்லாப் பேசட்டும்."

தஞ்சாவூரில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, எடுக்கலாமே என்று படியில் கால் வைத்தேன். உள்ளேயிருந்து என் மனைவியின் குரல். "மாடி ஏறாதீங்க! டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காருல்ல?"

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே?"

"என்கிட்டதான் சொன்னாரு" என்றாள்.