சாறு ஒழுகிய இலை

ஐம்பதுகளில், பெங்களூர் ஹோட்டல் ஒன்றுக்குத் தையல் இலை வாங்கச் சூளகிரிக்குப் போவேன். ஊர்ப் பெண்களைச் சேர்த்து இலை தைக்கவைத்து விற்றுவந்த அந்த அம்மாள் நல்ல உயரம், உரத்த குரல். நேர்த்தியான இலைகளை எனக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு, புதிதாகச் சேர்ந்தவள் தைத்ததை மடியில் வைத்துக் களியும் சாறும் சாப்பிடுவார். சாறு ஒழுகிப் புடவை நனையும். தைத்தவள் எதிரில் உட்கார்ந்து நெளிவாள்.

"நல்ல இலையில சாப்பிடக் கூடாதாம்மா?" என்றேன்.

"திட்டினா நாளைக்கு வரமாட்டா தம்பி. என் சீலை நனையறதப் பாத்தா நெருக்கித் தைப்பா."

ஒருமுறை புடவையில் கறையே இல்லை. எல்லோரும் தேறிவிட்டார்களே என்று பாராட்டினேன்.

"ஆமா, இன்னும் நாலு பேரச் சேக்கணும்" என்றார்.

அடுத்த முறை நான்கு புதுமுகங்கள் இருந்தன. அம்மாளின் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. அவ்வளவு சந்தோஷமாக யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.