வெறுங்கையோடு நடந்தவன்

டொக்டர் இரத்த அழுத்தம் பார்க்க என் கையில் சுற்றியிருந்த பட்டியைக் கழற்றிக்கொண்டே, "உம்மடை அப்பா என்ன வயதில மோசம் போனவர்?" என்று கேட்டார்.

"நாற்பத்தொன்பது."

"உமக்கு?"

"நாற்பத்தேழு."

அவர் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். அதைப் பார்த்த பிறகுதான் பயந்தேன்.

பிறகு நிமிர்ந்தார். "உப்பைக் குறையும். கருவாட்டைத் தொடாதையும். சுருட்டை இண்டையோட விடும். விடிய எழும்பி நடவும்."

"நான் நெடுக நடக்கிறனான் ஐயா. பள்ளிக்கூடத்துக்கு, தோட்டத்துக்கு..."

"அது அலுவலுக்குப் போறது. படலைக்குப் படலை நிண்டு கதைச்சுக்கொண்டு போவீர். நான் சொல்லுறது வேற. கையில ஒண்டும் வேண்டாம். ஒரு இடத்திலயும் நிக்கவேண்டாம். அரை மணித்தியாலம் கையை வீசி, விறுவிறெண்டு."

மண்கும்பானுக்குத் திரும்பிய பஸ்ஸில் யன்னலோரம் இருந்து கணக்குப் பார்த்தேன். கலியாணம் முடித்துப் பன்னிரண்டு வருடம் கழித்து எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். இப்போது அவளுக்கு ஆறு வயது. எனக்கு நாற்பத்தொன்பது ஆகும்போது அவளுக்கு எட்டு. அப்பா போனபோது எனக்கு ஒன்பது. அந்த ஒரு வருடம்கூட அவளுக்குக் கிடைக்காமல் போகலாம். கணக்கு அங்கே வந்து நின்றதும் மடியிலிருந்த சுருட்டை யன்னலால் எறிந்தேன். அன்று முதல் உப்பில்லாத குழம்பைச் சோற்றில் பிசைந்து, முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டேன். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடியற்காலை வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். கடற்கரைவரை போய்த் திரும்பினால் அரை மணித்தியாலம். முதல் நாளே எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகளில் ஆட்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் நாள், முறைக்கு மச்சானான ஒருவர் பல்லுக்குச்சியும் வாயுமாகப் படலைக்கு ஓடிவந்தார்.

"வாத்தியார், ஆர் மோசம்? எந்த வீட்டில இழவு?"

"ஒருத்தருமில்லை. டொக்டர் நடக்கச் சொன்னவர்."

"எங்கை?"

"ஒரு இடத்துக்குமில்லை. சும்மாதான்."

"சும்மாவோ!" என்று அவர் எச்சிலைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "சும்மா நடந்து நடந்து நீர் மோசம் போனால் எங்களுக்கு ஆர் வந்து சொல்லுறது?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பத்து அடி போன பிறகுதான் நாற்பத்தொன்பது என்ற எண் நினைவுக்கு வந்தது.

எங்கள் தீவில் இழவு சொல்ல வருபவரைத் தூரத்திலேயே தெரிந்துகொள்ளலாம். விடியும் நேரத்தில் வேகமாக வருவார். கையில் ஒன்றும் இராது. படலைக்கு வெளியே நிற்பார், உள்ளே கூப்பிட்டாலும் வரமாட்டார், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். கொழும்பில் கடையில் வேலைக்கு நின்ற அப்பா இறந்த சேதியை எங்கள் படலையில் நின்று ஒருவர் அப்படித்தான் சொன்னார். அவருடைய வெறுங்கைகள் இரண்டும் எனக்கு இன்னும் தெரிகின்றன. இவ்வளவும் தெரிந்த எனக்கு, டொக்டர் சொன்ன நடை அதே நடைதான் என்பது மட்டும் உறைக்கவில்லை.

இரண்டு கிழமை போயிருக்கும். ஒரு நாள் இரவு முழுக்கக் காற்று. விடிய ஓய்ந்திருந்தது. ஒரு நாள் விட்டால் என் ஆயுளில் ஒரு நாள் குறையும் என்ற மாதிரி ஒரு பயம் எனக்கு. வழக்கத்தைவிட வேகமாக நடந்து, வழக்கமாகத் திரும்பும் இடத்தையும் தாண்டிவிட்டேன். கடற்கரையில் முதல் வீடு ஒரு வேதக்காரக் குடும்பத்தினுடையது, கத்தோலிக்க மீனவர்கள். அந்த வீட்டுத் தாயின் புருஷனும் மூத்த மகனும் முதல்நாள் பின்னேரம் கடலுக்குப் போயிருந்தார்கள், வள்ளம் இன்னும் கரைக்கு வரவில்லை. அது எனக்குத் தெரியாது.

அந்தத் தாய் படலையடியில் செபமாலையோடு நின்றார். என்னைக் கண்டதும் கையை நீட்டித் தடுத்தார்.

"அங்கையே நில்லுங்கோ மாஸ்டர். கிட்ட வராதையுங்கோ."

நின்றேன். படலைக்கு வெளியே, வெறுங்கையோடு. மூச்சு வாங்கியது. ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பொறுங்கள் என்று கையை உயர்த்தினேன்.

"ரெண்டு பேருமோ?" என்று கேட்டார். அப்படியே மணலில் இருந்துவிட்டார். அழவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. அந்த முகத்தை நான் முன்பு ஒரு தரம் பார்த்திருக்கிறேன், எங்கள் வீட்டுப் படலையில் அம்மாவிடம், என் ஒன்பது வயதில்.

"இல்லை அக்கா," என்றேன், மூச்சு வந்ததும். "ஒண்டுமில்லை. நான் நடக்க வந்தனான். எனக்குப் பிறசர். டொக்டர் நடக்கச் சொன்னவர்."

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். அதன் பிறகு அவரை விட்டுப் போக எனக்கு ஏலவில்லை. படலைக்கு உள்ளே போய், அவருக்குப் பக்கத்தில் மணலில் இருந்தேன். இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறின பிறகு பாய் ஒன்று தெரிந்தது. அவர் எழும்பி, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்து, வள்ளத்தில் இரண்டு தலையையும் எண்ணினார். எண்ணி முடிந்த பிறகுதான் என்னை ஏசத் தொடங்கினார்.

"உங்கடை சீவனைப் பிடிக்க என்ரை சீவனை எடுக்கிறியளோ? படிச்ச மனிசன்! இனி இஞ்சாலை வாறதெண்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பிள்ளையோடை வந்து ஒருத்தரும் இழவு சொல்லுறேல்லை."

ஏசிக்கொண்டே தேத்தண்ணி ஊற்றித் தந்தார். முழுக்கக் குடித்தேன்.

அடுத்த நாளிலிருந்து மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வேலிகளுக்கு மேலால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கடற்கரைத் தாய் அவளுக்குச் கரையில் கிடந்த சோகிச் சிப்பி பொறுக்கிக் கொடுத்தார். மகளுக்கு நடை விளையாட்டு. ஓடிப் போவாள், திரும்பி வருவாள், "அப்பா, கெதியாய்" என்பாள். எனக்கும் பயம் கொஞ்சம் இறங்கியது. எட்டு வயது என்ற கணக்கைச் சில நாட்களில் மறந்தும்போனேன்.

போன மாதம் ஒரு காலை, கடற்கரைக்குப் போய்த் திரும்பும்போது, பாதி வழியில் மதகடியில் தலை சுற்றியது. பனைகள் சரிந்தன. மதகுக் கட்டைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். கண்ணுக்கு முன்னால் கறுப்பு. மகளின் குரல் மட்டும் கேட்டது.

"அப்பா, ஏன் வேர்க்குது? நான் ஓடிப்போய் அம்மாட்டைச் சொல்லட்டோ?"

அந்தக் கறுப்புக்குள் அவள் ஒழுங்கையால் ஓடுவதைக் கண்டேன். தனிய. வேகமாக. கையில் ஒன்றுமில்லாமல். என் மனைவி படலையில் நின்று அவள் வருவதைப் பார்ப்பதையும் கண்டேன்.

"வேண்டாம்," என்று பக்கத்தில் நின்ற மகளின் கையை இறுக்கிப் பிடித்தேன். "நீ போகக்கூடாது."

"நோகுது அப்பா."

அப்போதும் விடவில்லை. தலை தெளியும்வரை அந்தச் சின்னக் கையைப் பிடித்தபடி இருந்தேன். பிறகு எழும்பி, ஒவ்வொரு அடியாக, அவளோடு வீட்டுக்குப் போனேன்.

மனைவி படலையில் நின்றாள். "இஞ்சருங்கோ, என்ன இண்டைக்கு ஆமை நடை?" என்று சிரித்தாள்.

"பிள்ளைக்குக் கால் நோகுதாம்," என்றேன்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய மணிக்கட்டில் என் விரல்கள் பதிந்த இடம் இன்னும் சிவந்திருந்தது.