கையில் கட்டிய பச்சைத் துணி

விமானம் விழுந்த செய்தி வந்தபோது பேரணாம்பட்டில் நல்ல வெயில். தோல் கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். டிவியில் வடக்கே ஓர் ஊரில் மழை கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. புயலில் இறங்கப் பார்த்த பயணிகள் விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையில் மோதி உடைந்துவிட்டது என்றார்கள். கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. செருப்பு கம்பெனி ஒன்றுக்குத் தோல் சாம்பிள் காட்ட, என் மனைவியின் தம்பி அந்த விமானத்தில்தான் போயிருந்தான்.

வீட்டுக்கு ஓடினேன். மனைவி போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஸ்விட்ச் ஆஃப்னே வருதுங்க."

அக்கா என்ற அர்த்தத்தில் நாங்கள் ஆபா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். உருது பேசும் அந்த வீட்டில் யார் தூரம் போனாலும் வலது கையில் இமாம் ஜாமின் கட்டி அனுப்புவார்கள். பச்சைத் துணியில் ஒரு காசை முடிந்து கட்டுவது. பத்திரமாகத் திரும்பியதும் அதை ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் இந்துக்கள் என்று ஆபா வித்தியாசம் பார்த்ததில்லை. அன்று விடிகாலை மைத்துனனுக்கும் கட்டிவிட்டார்.

"ஆபா, கூடவே ஒரு பிரியாணி பொட்டலமும் கட்டு. காசு பசி ஆத்துமா?" என்று அவன் கேட்டான்.

"வாயாடி! வழில அவுக்காதே, இன்னா?" என்றார் ஆபா.

சாயங்காலம் டிவியில் காட்டிய உதவி எண்ணுக்கு மனைவி போன் போட்டாள். அந்தப் பக்கம் இந்தி. போனை என் கையில் திணித்தாள். கம்பெனியில் காது நிறைய உருது கேட்டவன்தான் நான். ஆனால் தெரியாதவர்களிடம் தமிழில் பேசவே எனக்குக் கூச்சம். அவன் பெயரைச் சொல்வதற்குள் இரண்டு முறை திக்கினேன். பிழைத்தவர்களில் அந்தப் பெயர் இல்லை என்றாள் போனில் ஒரு பெண். இறந்தவர்களில் அடையாளம் தெரிந்தவர்களிலும் இல்லை. வைத்துவிடப் போனாள்.

மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலது கையில் பச்சைத் துணி கட்டியிருக்கும்," என்றேன், எனக்குத் தெரிந்த உருதுவில்.

கொஞ்சம் இருங்கள் என்றாள். பின்னால் யாரோ பேசும் சத்தம். காத்திருந்தோம். ஆபாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அப்படி ஒருவர் மயக்கத்தில் இருக்கிறார் என்றாள் அந்தப் பெண். ஆனால் இமாம் ஜாமின் கட்டியிருப்பதால் அவர் முஸ்லிம், வேறு குடும்பத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றாள்.

"நகத்தைப் பாருங்க. தோல் சாயம் ஏறி நீலமா இருக்கும்."

மறுபடியும் காத்திருப்பு.

"நீலம்தான்," என்றாள். மூச்சு இருக்கிறதாம். கை உடைந்து வீங்கியிருக்கிறதாம். துணியை வெட்டி எடுக்க வேண்டுமாம்.

ஆபாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"வெட்டட்டும்! துணி போனா போவுது, புள்ள வந்தா போதும்," என்று கத்தினார்.

முதலில் அவனுக்கு நினைவு வந்தது. பிறகு பல நாள் கழித்து மாவுக்கட்டோடு அவன் வந்தான். மூக்கில் தழும்பு. வெட்டிய துணியை ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். முடிச்சு அவிழவே இல்லை. ஆபா பல்லால் கடித்து அவிழ்த்துக் காசை எடுத்தார்.

"அடுத்த தடவ பிரியாணியே கட்டிடு ஆபா," என்றான். ஆபா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார், மெதுவாக.

மசூதி வாசலில் உட்கார்ந்திருந்த ஏழைக் கிழவருக்குக் காசைக் கொடுக்க இடது கையை நீட்டினான்.

"அந்தக் கையில குடுக்காதே," என்றார் ஆபா.

வலது கையில் விரல்கள் மட்டும்தான் கட்டுக்கு வெளியே இருந்தன. காசை அவற்றுக்கு இடையில் செருகினேன். கையை அடியிலிருந்து தாங்கித் தூக்கினேன். மாவுக்கட்டு கனமாக இருந்தது. கிழவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.