மருந்தடிக்காத வயல்

தீப்பெட்டிக்குள் அந்த வண்டு பொன் பொட்டு போல மின்னியது. “செத்துட்டா இந்த நிறம் போயிடும்க்கா,” என்றார் வேளாண் கல்லூரியிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவர். 2005 மழைக்காலத் தொடக்கம் அது. மழை வந்தால் மரக்காணத்தில் உப்பள வேலை நின்றுவிடும். எனக்கும் என் கணவருக்கும் தை வரை வேலை கிடையாது. அதனால் பிரம்மதேசத்தில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பொங்கல் விற்பனைக்குச் சர்க்கரைவள்ளி நட்டிருந்தோம். விவசாயம் எங்களுக்குப் புதிது. எங்கள் வயலிலும் பக்கத்து வயலிலும் வள்ளி இலையைத் தின்னும் இந்த வண்டைக் கவனித்துக் குறிப்பெடுக்க அந்த மாணவர் வந்தார்.

வண்டைக் கவனிப்பது எனக்குப் பிடித்துப்போனது. இலையின் அடியில், காகிதம் போன்ற உறைக்குள் முட்டைகள். பொரிந்து வரும் புழு, தான் உரித்த தோலையும் கழிவையும் வால் நுனியில் சேர்த்து முதுகின்மேல் குடைபோலப் பிடித்துக்கொள்ளும். எறும்பு நெருங்கினால் அதை ஆட்டித் தடுக்கும். எட்டாம் வகுப்போடு நின்ற நான், எந்தக் கொடியில் எத்தனை புழு என்று தினமும் எண்ணி எழுதிக் கொடுத்தேன். “உங்க கண்ணு எனக்கு இல்லக்கா,” என்பார். அந்த வார்த்தைக்காகவே மழையிலும் போனேன்.

கொடி படர்வதற்குள் இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது. மருந்து அடிக்கட்டுமா என்று கேட்டேன்.

“வேணாங்க்கா. இது இலையைத்தான் தின்னும், கிழங்கைத் தொடாது.”

கணவர் வாங்கி வந்த மருந்தைச் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். பக்கத்து வயல் மட்டும் பச்சையாக இருந்ததைப் பார்த்தும், ரகம் வேறாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பொங்கலுக்கு முன் தோண்டினோம். பக்கத்து வயலில் கைக்கு அடங்காத கிழங்கு. எங்களுடையது விரல் தடிமன்கூட இல்லை. இரண்டையும் எடை போட்டு எழுதிய அவர் முகம் மலர்ந்தது.

“இந்த வித்தியாசத்தைத்தாங்க்கா எதிர்பார்த்தேன். அங்க மருந்து அடிக்கச் சொன்னேன். ஒண்ணை அடிக்காம விட்டாத்தானே ஒப்பிட முடியும்?”

“இலை போனா கிழங்கு பருக்காதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா தம்பி?”

அவர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

யோசித்தால், அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை. வண்டு கிழங்கைத் தொடவே இல்லை. மீதிப் பாதியைத்தான் என்னிடம் சொல்லாமல் விட்டார். கணவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிழங்கு அள்ளக் கொண்டுவந்த சாக்கை உதறி மடித்தார். அது இன்றும் வலிக்கிறது.

அடுத்த மழைக்கு மறுபடி நட்டோம். ஒருநாள் அந்த மாணவர் வரப்பில் நின்று கூப்பிட்டார்.

“அக்கா, வண்டு முட்டை வெச்சிருக்கா?”

குனிந்து ஓர் இலையைத் திருப்பினேன். இருந்தது. கட்டைவிரலால் அழுத்தி நசுக்கினேன்.

“ஒண்ணும் இல்ல தம்பி,” என்று சொல்லிவிட்டு அடுத்த கொடிக்குப் போனேன்.